பாகற்காய்: கறியாகச் சாப்பிடுவோம், குளிசையை நிறுத்த மாட்டோம்



லயத்தில் யாருக்காவது சீனி வியாதி என்று தெரிந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல வந்துவிடுவோம். அதில் முதல் இடம் பாகற்காய்க்குத்தான். "காலையில வெறும் வயித்துல பாவக்காய் சாறு குடிங்க அக்கா, குளிசையெல்லாம் தேவையே இல்ல" என்று சொல்லாத லயம் ஒன்று உண்டா?

இந்தப் பேச்சில் பாதி சரி, பாதி பிழை. பிழையான அந்தப் பாதியால் கண் பார்வையும் காலும் ஏன் உயிருமே போகக்கூடும். ஆகவே இந்த முறை பாடத்துக்குப் பாகற்காயை எடுத்துக்கொள்வோம். அது எங்கே விளைகிறது, அதில் என்ன சத்து இருக்கிறது, எப்படிச் சமைப்பது, எந்த இடத்தில் கவனமாக இருப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காய் எங்கிருந்து வருகிறது?

ஊருக்கு ஊர் பேர் மாறும். நாம் பாவக்காய் என்கிறோம், புத்தகத்தில் பாகற்காய் என்று எழுதுகிறார்கள், சிங்களத்தில் கரவில. எல்லாம் ஒரே காய்தான். இந்தக் கொடிக்குச் சூடு வேண்டும், வெயில் வேண்டும், தண்ணீர் தேங்காத மண் வேண்டும். அதனால்தான் நுவரெலியா பக்கத்துக் குளிரில் கோவாவும் கரட்டும் விளைகிற அளவுக்குப் பாகற்காய் விளைவதில்லை. நம் சந்தைக்கு அது கீழ்நாட்டிலிருந்து ஏறி வருகிறது.

அப்படி வருகிற இடங்களில் ஒன்று புத்தளம் மாவட்டத்தின் கரையோரம். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவியில் மேற்கே திரும்பினால், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் புத்தளம் களப்புமாக நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில என்று வழி நெடுக மணல் தரை. இந்த மணலில் என்ன முளைக்கும் என்றுதான் புதிதாகப் போகிறவர்கள் கேட்பார்கள். ஆனால் மணலுக்கு அடியில் அதிக ஆழமில்லாமலே நல்ல தண்ணீர் கிடைக்கிறது. கிணறு வெட்டி, இயந்திரத்தால் இறைத்து, மிளகாய், வெங்காயம், கத்தரி, புடோல், பாகல் என்று பயிர் செய்கிறார்கள். நுரைச்சோலையில் பொருளாதார மத்திய நிலையமும் உண்டு. அங்கிருந்து லொறிகள் நாட்டின் பல பக்கங்களுக்கும் போகின்றன.

அந்த விளைச்சலுக்கு அந்த ஊர் கொடுக்கும் விலையும் உண்டு. மணலில் போடும் உரம் நிற்காமல் கீழே இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கிறது என்று 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் காட்டி வருகிறார்கள். கொழுந்து பறிக்கும் நமக்கு, வெயிலில் நின்று காய் பறிப்பவரின் பாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாங்கிய காயை வீணாக்காமல் சமைப்பதுதான் நாம் அந்த உழைப்புக்குக் கொடுக்கும் மரியாதை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாகற்காய்க் கறிக்கு வேண்டிய உப்பு, தேங்காய், கருவாடு மூன்றுமே அந்தக் கரையோரத்தில் உண்டு. பாலாவிப் பக்கம் உப்பளங்கள், சிலாபம் வரைக்கும் தென்னந்தோப்புகள், கற்பிட்டியிலும் உடப்பிலும் மீனும் கருவாடும். கசப்பை எதோடு சேர்த்தால் வாய்க்கு ருசிக்கும் என்பது அந்தப் பக்கத்துச் சமையலில் ஊறிய விஷயம்.

காயில் என்ன இருக்கிறது?

100 கிராம் பச்சைப் பாகற்காயில் 94 கிராம் வரை தண்ணீர்தான். கலோரி 17 மட்டுமே. ஆகவே உடம்பு கூடியவர்கள் பயமில்லாமல் சாப்பிடலாம். நார்ச்சத்து 2.8 கிராம். இது மலச்சிக்கலைக் குறைக்கும், சோற்றிலுள்ள மாவுச்சத்து இரத்தத்தில் ஒரேயடியாக ஏறாமல் மெதுவாக ஏற உதவும். கர்ப்பிணித் தாய்மாருக்கு முக்கியமான போலேட் என்னும் சத்தும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கூடுதலாக இருப்பது விற்றமின் சி. பச்சைக் காயில் 84 மில்லிகிராம். அவித்துத் தண்ணீரை வடித்துவிட்டால் ஏறத்தாழ 33 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். பாதிக்கு மேல் போய்விடுகிறது பாருங்கள்! இந்த விற்றமினுக்கும் இரத்தச்சோகைக்கும் தொடர்பு உண்டு. கீரை, பருப்பு போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விற்றமின் சி துணை செய்கிறது. பாகற்காயில் இரும்பு அதிகம் இல்லை. ஆனால் பருப்போடும் கீரையோடும் பாகற்காய்ச் சம்பலைச் சேர்த்துச் சாப்பிட்டால், அவற்றின் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் தேயிலைச் சாயம் அந்த இரும்பைச் சேரவிடாமல் தடுத்துவிடும். நாம் பறித்த தேயிலைதான், இருந்தாலும் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுவோம்.

"கசப்பு இரத்தத்தைச் சுத்தம் பண்ணும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இரத்தத்திலுள்ள கழிவை அகற்றுவது நம் சிறுநீரகமும் ஈரலும். எந்தக் காயும் அந்த வேலையைச் செய்வதில்லை. "பூச்சி சாகும்" என்று சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்துச் சாறு ஊற்றுவதும் வேண்டாம். பூச்சிக்குப் பூச்சிக் குளிசை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

சீனி வியாதிக்கு இது மருந்தா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பாகற்காய் சீனியைக் குறைக்கும் என்ற பேச்சு வெறும் கட்டுக்கதை இல்லை. நம் நாட்டிலேயே அதை ஆராய்ந்திருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெலிஹிந்த, கருணாநாயக்க முதலியோர் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீனி வியாதி உள்ளவர்களுக்குப் பாகற்காய்ச் சாறு கொடுத்துப் பார்த்தபோது 73 வீதமானவர்களுக்கு, குளுக்கோசு குடித்தபின் சீனி ஏறும் அளவு குறைந்தது. மற்ற 27 வீதமானவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை.

அந்த 27 வீதத்தை மறந்துவிடக் கூடாது. நான்கு பேர் குடித்தால் அதில் ஏறத்தாழ ஒருவருக்கு வேலை செய்யவில்லை. அந்த ஒருவர் நாமா இல்லையா என்று சாறு குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் தெரியாது. இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். அதோடு, ஒரு தடவை சீனி குறைவது வேறு, மாதக் கணக்காகக் கட்டுப்பாட்டில் இருப்பது வேறு.

2011இல் தாய்லாந்து ஆய்வு ஒன்று வெளியானது. சிலருக்கு உலர்ந்த பாகற்காய்த் தூளும் சிலருக்கு மெட்போமின் குளிசையும் நான்கு கிழமைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் பாகற்காய்த் தூள் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. ஆனால் 1000 மில்லிகிராம் மெட்போமின் எடுத்தவர்களுக்கு அதைவிட நன்றாகக் குறைந்தது. 2012இல் கொக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், அதுவரை ஒழுங்காகச் செய்யப்பட்ட நான்கு ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 479 பேர் பங்குபற்றியிருந்தார்கள். பாகற்காயைச் சீனி வியாதிக்கு மருந்தாகச் சிபாரிசு செய்யப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இதனால் மூலிகையை நாம் தாழ்த்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மெட்போமின் குளிசையின் பூர்வீகமே ஐரோப்பாவில் வளரும் ஒரு செடிதான். அந்தச் செடியிலிருந்த பொருளை ஆராய்ந்து, மாற்றி, அளவு கண்டுபிடித்து, நஞ்சில்லாமல் செய்தபிறகுதான் அது குளிசையானது. பாகற்காய்ச் சாற்றில் அந்த அளவு இல்லை. இன்றைய காய் முற்றல், நாளைய காய் பிஞ்சு. இன்றைக்கு அரைக் கோப்பை, நாளைக்கு ஒரு கோப்பை. அளவு தெரியாத மருந்தை நம்பி அளவு தெரிந்த மருந்தை நிறுத்தலாமா?

எப்போது ஆபத்து?

ஓர் அக்காவை நினைத்துப் பார்ப்போம். வயது ஐம்பது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். குளிசை முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சொன்னபடி சாறு குடிக்கிறார். உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். சீனி வியாதியின் வஞ்சகமே இதுதான், வலிக்காமல் வேலை செய்யும். ஆறு மாதத்தில் பாதம் மரத்துப் போகிறது. மலையில் அட்டை கடித்ததும் தெரியவில்லை, கட்டை குத்தியதும் தெரியவில்லை. சின்னப் புண் பெரிதாகி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது விரலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு நாள் பேரைக் காப்பாற்றப் போய் எத்தனை நாள் பேர் போனது?

இது ஒரு பக்கம். மறு பக்கமும் ஆபத்துத்தான். குளிசையும் எடுத்து, சாறும் நிறையக் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சிக் குறைந்துவிடலாம். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் இன்சுலின் ஊசி போடுபவர்களும் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். குளிசையோடு பாகற்காயும் சேர்ந்ததால் ஒருவருக்குச் சீனி எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது என்று 1979இலேயே இங்கிலாந்தில் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். "மருந்து சாப்பிடும்போது பாகற்காய் சேர்க்காதே" என்று நம் நாட்டு வைத்தியர்கள் பத்தியம் சொன்னதும் நினைவுக்கு வருகிறது.

சீனி மிஞ்சிக் குறைந்தால் உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி எடுக்கும், தலை சுற்றும், பேச்சு குழறும். செங்குத்தான மலையில் கூடையோடு நிற்கும்போது இப்படி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உடனே செய்ய வேண்டியது: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வையுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சீனிக் குளிசை எடுப்பவர்கள் கொழுந்துக்குப் போகும்போது மடியில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி வைத்திருப்பது நல்லது.

இவர்கள் சாறோ தூளோ எடுக்கவே வேண்டாம்:
1. கர்ப்பிணித் தாய்மார், பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள்.
2. சின்னப் பிள்ளைகள். பழுத்த காயின் விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதை இனிக்கும். அதையும் விதையையும் பிள்ளைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. ஜீ6பீடீ என்ற குறைபாடு உள்ளவர்கள். வைத்தியர் அப்படிச் சொல்லியிருந்தால் பாகற்காயைத் தொடும் முன் அவரிடம் கேளுங்கள்.
4. ஒப்பரேசனுக்கு நாள் குறித்தவர்கள்.

கறியாகக் கிழமைக்கு ஒன்றிரண்டு தடவை சாப்பிடுவது வேறு விஷயம். சாதாரணமாக யாரும் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

எப்படிச் சமைப்பது?

முதலில் காயை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேலே முள்முள்ளாக இருப்பதால் மண்ணும் மருந்தும் இடுக்கில் நிற்கும். வெட்டின பிறகு கழுவினால் சத்தும் தண்ணீரோடு போகும். கசப்பு அதிகமென்றால் கொஞ்சம் உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, இலேசாகப் பிழிந்தால் போதும். துணி பிழிவதுபோல் பிழிய வேண்டாம். இப்படி உப்புப் போட்டால் பிறகு கறிக்குப் போடும் உப்பைக் குறையுங்கள், வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருப்பார்கள்.

பாகற்காய்ச் சம்பல்: பிஞ்சுக் காய் இரண்டை மெல்லிய வட்டமாக வெட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மொறுமொறுப்பாக வதக்குங்கள். நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, இடித்த மாசி ஒரு தேக்கரண்டி சேர்த்து, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி பிழியுங்கள். புளியை அடுப்பில் வைத்தபடி பிழிந்தால் விற்றமின் குறையும்.

கரையோரத்துக் கருவாட்டுக் குழம்பு: கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை கழுவுங்கள், உப்பு இறங்கட்டும். வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை தாளித்துப் பாகற்காய்த் துண்டுகளை வதக்குங்கள். கறித்தூள், மஞ்சள், பழப்புளிக் கரைசல் விட்டு மூடி வேகவிடுங்கள். காய் பாதி வெந்ததும் கருவாட்டைப் போட்டு, கடைசியில் தேங்காய்ப் பால் கொஞ்சம் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். கருவாட்டில் உப்பு இருப்பதால் வேறு உப்புத் தேவைப்படாது.

பருப்போடு: மைசூர்ப் பருப்பு அரைவேக்காட்டில் இருக்கும்போது பொடியாக நறுக்கிய பாகற்காயைச் சேர்த்து வேகவையுங்கள். வடித்துக் கொட்டாததால் சத்து சட்டியிலேயே நிற்கும். கசப்பும் தெரியாது. பிள்ளைகளுக்குப் பழக்க இதுதான் நல்ல வழி.

சுண்டல்: மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், மஞ்சள் சேர்த்து, தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் கிளறி இறக்குங்கள். ரொட்டிக்கு நல்ல கூட்டு.

கசப்புத் தெரியாமலிருக்கச் சர்க்கரை போட்டுச் சமைப்பவர்களும் உண்டு. சீனி வியாதிக்காரருக்கு அது வேண்டாம். இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துக் கரண்டி, ஏறத்தாழ 40 கிராம். இந்தச் சீனியை விட்டுவைத்துக்கொண்டு பாகற்காய் சாப்பிட்டு என்ன பயன்? கரண்டியைக் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள், நாக்குப் பழகிவிடும்.

வீட்டுத் தோட்டத்தில்

கீழ்ப்பகுதித் தோட்டங்களில், குறிப்பாக மாத்தளை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டருகே இரண்டு கொடி விடலாம். எம்.சீ. 43, திருநெல்வேலி வெள்ளை, மாத்தளைப் பச்சை என்று விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த இனங்கள் உண்டு. விதையை ஒரு இரவு ஊறவைத்து, சாணமும் குப்பையும் போட்ட குழியில் நட்டு, பந்தல் கட்டி ஏற்றுங்கள். இரண்டு மாதமளவில் காய் பறிக்கலாம். பழ ஈ குத்திக் காய் அழுகுவதுதான் பெரிய தொல்லை. அதற்கு மருந்து தேவையில்லை. பிஞ்சிலேயே பழைய பத்திரிகைக் கடதாசியால் பை செய்து மூடிக் கட்டுங்கள். விழுந்த காயை அப்படியே விடாமல் ஆழமாகப் புதையுங்கள். குளிர்ந்த மேல்மலையில் இருப்பவர்கள் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். பச்சையாக, இறுக்கமாக, மஞ்சள் ஏறாத காயாகப் பார்த்து எடுங்கள்.

கிளினிக்கை விடாதீர்கள்

2018-2019இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வொன்றில், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்குச் சீனி வியாதி இருப்பது தெரிந்தது. இது பணக்காரர் வியாதி என்ற காலம் போய்விட்டது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் வியாதி இருக்கலாம், வைத்தியர் மறுபடி சோதித்து உறுதி செய்வார். அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனைக்கும் குளிசைக்கும் பணம் கேட்பதில்லை. கிளினிக் நாளை முன்கூட்டியே வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லி வையுங்கள். ஒரே லயத்தில் நாலைந்து பேர் இருந்தால் சேர்ந்து போங்கள், பஸ்ஸுக்கும் துணைக்கும் வசதி. சாறு குடிப்பவர்களும் அதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரிந்தால்தான் குளிசையின் அளவைச் சரியாக எழுத முடியும்.

நினைவில் வைப்போம்

பாகற்காய் நல்ல காய், ஆனால் குளிசைக்குப் பதில் ஆகாது.
வடித்துக் கொட்டாமல் சமைப்போம்.
சாற்றையும் தூளையும் மருந்தாக நினைத்து எடுக்க மாட்டோம்.
வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே சீனித் தண்ணீர்.
ஒவ்வொரு நாளும் பாதத்தைப் பார்த்துக் கழுவித் துடைப்போம்.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்:
1. நம் லயத்தில் எத்தனை பேர் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார்கள்? என்ன காரணம்?
2. உங்கள் வீட்டில் பாகற்காயை எப்படிச் சமைக்கிறீர்கள்? அதில் சத்து எங்கே போகிறது?
3. ஒரு நாளைக்கு உங்கள் வீட்டில் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி செலவாகிறது?

முதல் கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். அடுத்த கிளினிக் நாளன்று அந்த அக்காவையோ அண்ணனையோ கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் எல்லோருமாகப் பாகற்காய்ச் சம்பலோடு சோறு சாப்பிடலாம்.